100 புள்ளி 154 புள்ளியை முந்தியது எப்படி? உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் கேள்வி பதில்

2019 ஆகஸ்ட் 1 அன்று எட்ஜ்பாஸ்டனில், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் முதல் டெஸ்ட்டோடு இந்தச் சாம்பியன்ஷிப் தொடங்கியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீளும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பட்டியலின் முதல் இரண்டு அணிகள் இறுதிப் போட்டியில் மோதும். அன்று முதல் ஒவ்வொரு டெஸ்ட்டும் முடிந்தவுடன் பட்டியலின் கணக்கை நானே கையால் போட்டுப் பார்த்து நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். நண்பர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2023-25 பட்டியலில் ஆஸ்திரேலியாவுக்கு 154 புள்ளிகள், தென்னாப்பிரிக்காவுக்கு 100 புள்ளிகள்தான். ஆனால் முதலிடத்தில் தென்னாப்பிரிக்கா இருக்கிறது. இது அச்சுப் பிழையா, ஐயா?

பிழை இல்லை. பட்டியலில் இடத்தை முடிவு செய்வது புள்ளிகளின் கூட்டுத்தொகை அன்று. ஓர் அணி, தான் ஆடிய ஆட்டங்கள் அனைத்தையும் வென்றிருந்தால் எத்தனை புள்ளிகள் கிடைத்திருக்குமோ, அதில் எத்தனை சதவீதத்தை உண்மையில் பெற்றது என்பதே அளவுகோல். வெற்றிக்கு 12 புள்ளிகள், டை (இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாகி ஆட்டம் முடிவது) ஆனால் 6, டிரா ஆனால் 4, தோற்றால் ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்கா 12 டெஸ்ட்களில் 8 வெற்றியும் 1 டிராவும் கண்டு, 144க்கு 100 பெற்றது, அது 69.44 சதவீதம். ஆஸ்திரேலியா 19 டெஸ்ட்களில் 13 வெற்றியும் 2 டிராவும் கண்டு 164 புள்ளிகள் சேர்த்தது, தண்டனையாக 10 புள்ளிகள் கழிந்து 228க்கு 154 ஆனது, அது 67.54 சதவீதம்.

அதே பட்டியலில் இந்தியாவும் இங்கிலாந்தும் சரியாக 114 புள்ளிகளில்தான் முடித்தன. இந்தியா 19 டெஸ்ட்களில் ஆடியதால் 50.00 சதவீதத்துடன் மூன்றாம் இடம். இங்கிலாந்து 22 டெஸ்ட்களில் ஆடியதால் 43.18 சதவீதத்துடன் ஐந்தாம் இடம். ஆகவே பட்டியலைப் பார்க்கும்போது புள்ளிகளின் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு, ஆடிய டெஸ்ட்களையும் சதவீதத்தையும் மட்டும் பாருங்கள் என்றே நான் எல்லோரிடமும் சொல்வேன்.

கேள்வி: தொடக்கத்திலிருந்தே இப்படித்தானா? ஒரு தொடருக்கு 120 புள்ளிகள் என்று படித்ததாக நினைவு.

உங்கள் நினைவு சரி. முதல் சுற்றில் ஒவ்வொரு தொடருக்கும் 120 புள்ளிகள் ஒதுக்கி, அதை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். இரண்டு டெஸ்ட் தொடரில் ஒரு வெற்றி 60 புள்ளிகளைத் தந்தது; ஐந்து டெஸ்ட் தொடரில் 24 மட்டுமே. பெருந்தொற்றால் பல தொடர்கள் நடக்காமல் போகவே, 2020 நவம்பரில் ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் அமைப்பு) சதவீத முறைக்கு மாறியது. இரண்டாம் சுற்றிலிருந்து எந்தத் தொடராக இருந்தாலும் வெற்றிக்கு 12 என்று ஆனது. இந்த மாற்றம் நெருக்கடியில் பிறந்ததுதான் என்றாலும், பழைய முறையைவிட நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: ஓவர்களைத் தாமதமாக வீசியதற்காக ஓரிரு புள்ளிகளைக் கழிக்கிறார்கள். அதனால் உண்மையில் ஏதாவது மாறிவிடுகிறதா?

மாறுகிறது, ஓர் அணி இறுதிப் போட்டியையே இழக்கும் அளவுக்கு மாறியிருக்கிறது. 2020 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்ட்டில் உரிய நேரத்தில் ஆஸ்திரேலியா இரண்டு ஓவர்கள் குறைவாக வீசியிருந்தது. அன்றைய விதிப்படி ஓவருக்கு 2 வீதம் 4 புள்ளிகள் கழிக்கப்பட்டன. சுற்றின் முடிவில் ஆஸ்திரேலியா 480க்கு 332 பெற்று 69.2 சதவீதத்தில் நின்றது. நியூசிலாந்து 600க்கு 420 பெற்று 70.0 சதவீதத்துடன் இறுதிப் போட்டிக்குச் சென்றது. அந்த 4 புள்ளிகள் கழியாமல் இருந்திருந்தால் ஆஸ்திரேலியாவும் 336 புள்ளிகளுடன் மிகச் சரியாக 70 சதவீதத்தில் நின்றிருக்கும். சௌத்தாம்ப்டனில் இந்தியாவை 8 விக்கெட்டுகளில் வென்று முதல் கோப்பையைத் தூக்கியது அந்த நியூசிலாந்துதான்.

அதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு 2023 ஆஷஸ். தொடர் 2-2 என முடிந்து, இரு அணிகளும் தலா 28 புள்ளிகள் ஈட்டின. இங்கிலாந்துக்கு 19 புள்ளிகளும் ஆஸ்திரேலியாவுக்கு 10 புள்ளிகளும் கழிக்கப்பட்டதால், ஐந்து டெஸ்ட்கள் ஆடிய பிறகு இங்கிலாந்தின் கையில் 9 புள்ளிகளே மிஞ்சின. அந்தச் சுற்று முழுவதிலும் இங்கிலாந்து இழந்தவை 22 புள்ளிகள். இப்போது ஓவருக்கு ஒரு புள்ளிதான் தண்டனை என்றாலும், கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு வெற்றிகள். யாருக்கும் எந்தக் கழிவும் இல்லாமல் கணக்கிட்டால் இங்கிலாந்து 51.52 சதவீதத்துடன் இந்தியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மேலே, மூன்றாம் இடத்தில் முடித்திருக்கும்.

இந்தத் தண்டனை மிகை என்று சொல்வோர் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. நாளொன்றுக்கு 90 ஓவர்கள் என்பது பார்க்க வந்தவருக்கு அளித்த வாக்கு. வானிலை கெடுத்தால் பொறுத்துக்கொள்ளலாம், பந்துவீசும் அணியின் மெத்தனம் கெடுப்பதைப் பொறுக்க முடியாது. அபராதத் தொகையைப் பொருட்படுத்தாத அணிகள் புள்ளிகளையாவது பொருட்படுத்தும்.

கேள்வி: தோல்வியைத் தவிர்த்து டிரா செய்தால் பட்டியலில் முன்னேற்றம் கிடைக்குமா?

தோற்பதைவிட மேல் என்பது உண்மை. ஆனால் டிரா என்பது 12க்கு 4, அதாவது 33.33 சதவீதம், அதற்கு மேல் நிற்கும் எந்த அணிக்கும் ஒவ்வொரு டிராவும் ஓர் இறக்கமே. 2025 ஜூலையில் ஓல்ட் ட்ராஃபோர்டில் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் இன்னிங்ஸில் இந்தியா ஓட்டம் எடுக்கும் முன்பே இரண்டு விக்கெட்டுகளை இழந்தது. அங்கிருந்து சுப்மன் கில் 103, கே.எல். ராகுல் 90, ஆட்டமிழக்காமல் ஜடேஜா 107, வாஷிங்டன் சுந்தர் 101 என்று நின்று, 4 விக்கெட்டுக்கு 425 ஓட்டங்களுடன் டெஸ்ட்டைக் காப்பாற்றினார்கள். அண்மை ஆண்டுகளில் நான் பார்த்த மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டம் அது.

ஆனால் பட்டியலில் என்ன ஆனது? அதற்கு முன் இந்தியா 36க்கு 12, அதாவது 33.33 சதவீதம், அதற்குப் பின் 48க்கு 16, அதே 33.33 சதவீதம். ஒரு புள்ளியளவும் அசையவில்லை. அடிவாங்கியது இங்கிலாந்துதான்: லார்ட்ஸில் கழிக்கப்பட்ட 2 புள்ளிகளுக்குப் பின் 36க்கு 22 என்று 61.11 சதவீதத்தில் இருந்த அணி, 48க்கு 26 என்று 54.17க்கு இறங்கியது. அடுத்து ஓவலில் முகமது சிராஜின் ஐந்து விக்கெட்டுகளால் இந்தியா 6 ஓட்டங்களில் வென்றபோது, 2-2 என்று சமனான தொடரிலிருந்து இந்தியா 46.67, இங்கிலாந்து 43.33 என்று வெளியேறின. இடைவெளி அந்த லார்ட்ஸ் ஓவர்களுக்கான 2 புள்ளிகள்தான்.

கேள்வி: 2024இல் இந்தியா முதலிடத்தில் இருந்தது. பிறகு எப்படி இறுதிப் போட்டியை இழந்தது? ஆஸ்திரேலியாவில் தோற்றதாலா, நியூசிலாந்திடம் தோற்றதாலா?

இரண்டாலும்தான், ஆனால் சுமையைப் பிரித்துப் பார்க்கலாம். வங்கதேசத் தொடர் முடிந்தபோது இந்தியா 11 டெஸ்ட்களில் 132க்கு 98 புள்ளிகளுடன் 74.24 சதவீதத்தில் இருந்தது. அடுத்து நியூசிலாந்திடம் பெங்களூரில் முதல் இன்னிங்ஸில் 46 ஓட்டங்களுக்குச் சுருண்டு 8 விக்கெட்டுகளில் தோல்வி, புனேயில் 113 ஓட்டங்களில் தோல்வி, மும்பையில் 25 ஓட்டங்களில் தோல்வி. சொந்த மண்ணில் 2012க்குப் பின் ஒரு தொடரையும் இழக்காமல் தொடர்ச்சியாக 18 தொடர்களை வென்றிருந்த அணி, மூன்றே ஆட்டங்களில் 58.33க்கு இறங்கியது. ஏறத்தாழ 16 சதவீதப் புள்ளிகள் அங்கேயே போயின. பெர்த்தில் வென்று 61.11க்கு ஏறியது, அடிலெய்டில் 57.29, பிரிஸ்பேன் டிராவில் 55.88, மெல்போர்னில் 52.78, சிட்னியில் 50.00 என்று படிப்படியாக இறங்கியது. ஆஸ்திரேலியாவில் அணி இழந்தது 8 சொச்சம். சொந்த மண்ணில் இழந்தது அதைப்போல இரு மடங்கு. எல்லோரும் சிட்னியைப் பேசுகிறார்கள். என் நோட்டைப் புரட்டினால் நவம்பர் மாத மும்பைதான் கண்ணை உறுத்துகிறது.

கேள்வி: தென்னாப்பிரிக்கா எளிய எதிரணிகளுடன் ஆடிக் கோப்பையை வென்றது என்கிறார்களே?

பாதி உண்மை. அந்தச் சுற்றில் அவர்கள் ஆஸ்திரேலியாவுடனோ இங்கிலாந்துடனோ ஆடவில்லை; ஆறு தொடர்களும் இரண்டு டெஸ்ட் தொடர்களே. ஆனால் அட்டவணையை அவர்கள் விருப்பத்துக்குச் சுருக்கிக்கொண்டதாகச் சொல்வது அநீதி. ஐந்து டெஸ்ட் தொடர்கள் இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று அணிகளுக்கு இடையில்தான் நடக்கின்றன. மற்றவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு டெஸ்ட்கள்தான். உள்நாட்டு டி20 போட்டியின் காரணமாக 2024 தொடக்கத்தில் முன்னணி வீரர்கள் இல்லாமல் நியூசிலாந்துக்குச் சென்று 0-2 என்று தோற்ற பிறகும், அவர்கள் கடைசி ஏழு டெஸ்ட்களையும் வென்றார்கள். செஞ்சூரியனில் பாகிஸ்தானுக்கு எதிராக 148 ஓட்டங்களைத் துரத்தியபோது எட்டு விக்கெட்டுகள் விழுந்துவிட்டன. ரபாடாவும் யான்சனும் பிரியாமல் 51 ஓட்டங்கள் சேர்த்து இறுதிப் போட்டி இடத்தை உறுதி செய்தார்கள்.

பிறகு லார்ட்ஸில் எதிரே நின்றது ஆஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸில் கம்மின்ஸ் 28 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுக்க, 138க்குச் சுருண்ட அணி, நான்காம் இன்னிங்ஸில் 282 ஓட்டங்களை 5 விக்கெட் இழப்புக்கு எட்டியது. மார்க்ரம் 136, தொடைத் தசைப் பிடிப்போடு நொண்டியபடியே ஓடிய பவுமா 66, ரபாடாவுக்கு ஆட்டத்தில் 9 விக்கெட். 1998க்குப் பின் அவர்கள் வென்ற முதல் ஐசிசி கோப்பை. இதற்குப் பிறகும் எளிய பாதை என்பவரோடு வாதிட எனக்கு மனமில்லை. குறை அட்டவணையில் இருக்கிறது. வென்ற அணியில் இல்லை.

கேள்வி: இறுதிப் போட்டி டிராவில் முடிந்தால்?

இரு அணிகளும் கோப்பையைப் பகிர்ந்துகொள்ளும். ஐந்து நாள்களில் இழந்த நேரத்தை ஈடுசெய்ய ஆறாவதாக ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2021இல் மழை பெய்த சௌத்தாம்ப்டனில் அந்த ஆறாம் நாளில்தான் முடிவு வந்தது.

கேள்வி: ஆப்கானிஸ்தான் ஆடும் டெஸ்ட் ஏன் பட்டியலில் சேர்வதில்லை?

பட்டியலில் ஒன்பது அணிகள் மட்டுமே உள்ளன. டெஸ்ட் தகுதி பெற்ற பன்னிரண்டு நாடுகளில் ஆப்கானிஸ்தான், அயர்லாந்து, ஜிம்பாப்வே ஆகிய மூன்றும் வெளியே நிற்கின்றன. அவர்களுடன் ஆடும் டெஸ்ட்களுக்குப் புள்ளிகள் கிடையாது. இது எனக்கு வருத்தம் தரும் ஏற்பாடு.

கேள்வி: 2025-27 சுற்றில் இந்தியா இறுதிப் போட்டிக்குப் போக எத்தனை வெற்றிகள் தேவை?

2025 நவம்பரில் குவாஹாட்டி டெஸ்ட் முடிந்த நிலையை வைத்துச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2-2, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 2-0, தென்னாப்பிரிக்காவிடம் 0-2. கொல்கத்தாவில் 124 ஓட்டங்கள் இலக்கு. 93க்கு ஆட்டமிழந்து 30 ஓட்டங்களில் தோல்வி. குவாஹாட்டியில் 408 ஓட்டங்களில் தோல்வி. ஓட்ட வித்தியாசத்தில் இந்தியாவின் டெஸ்ட் வரலாற்றிலேயே மிகப் பெரியது அது. ஒன்பது டெஸ்ட்களில் 108க்கு 52, அதாவது 48.15 சதவீதம்.

மீதம் இருப்பவை ஒன்பது: இலங்கையில் இரண்டு, நியூசிலாந்தில் இரண்டு, சொந்த மண்ணில் ஆஸ்திரேலியாவுடன் ஐந்து. முந்தைய மூன்று சுற்றுகளில் இரண்டாம் இடம் பிடித்த அணிகளின் சதவீதம் முறையே 70.0, 58.80, 67.54. 58.80 போதுமாக இருந்தது ஒரே ஒரு முறைதான். அப்போதும் கிறைஸ்ட்சர்ச்சில் இலங்கையை நியூசிலாந்து கடைசிப் பந்தில் வென்றதால்தான் இந்தியாவின் இடம் கடைசி டெஸ்ட் முடியும் முன்பே உறுதியானது. ஒன்பதில் ஆறு வென்று மூன்றில் தோற்றால் 57.41, ஆறு வெற்றியும் இரண்டு டிராவும் என்றால் 61.11; ஏழு வென்றால் 62.96. என் கணிப்பில் ஏழு வேண்டும். ஆஸ்திரேலியத் தொடரில் மூன்றையாவது வெல்லாமல் அந்த ஏழு வராது.