வண்டன்மேடு ஏலக்காய் ஸ்டோர்: அடுப்பு வாயில் புகை திரும்புவது

உங்கள் ஸ்டோரில், அதாவது ஏலக்காய் உலர்த்தும் அறையில், அடுப்பின் சூட்டையும் புகையையும் கொண்டுபோகும் குழாய்தான் அடைத்திருக்கும், அடுப்பை இடித்துக் கட்டாதீர்கள். வாய் வழியே புகை திரும்புகிறது, அறைச் சூடு 40 டிகிரியைத் தாண்டவில்லை என்கிறீர்களே, இரண்டுக்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

பெரும்பாலும் பச்சை விறகின் வேலை. ஈரப்புகை குழாயின் கடைசி வளைவில் குளிர்ந்து தாராகப் படிந்துவிடும். எங்கள் ஸ்டோரில் சுரண்டியபோது விரல் தடிமனுக்குப் பளபளவென்று கருந்தோலாக உரிந்து வந்தது.

நன்றாக ஆறியதும் குழாயைக் கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி, மொத்தென்று கேட்கும் இடத்தில் அடைப்பு. அப்புறம் புகைப்போக்கி மூடியில் பறவைக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழாயில் ஓட்டை இருந்தால் காயில் புகை வாடை ஏறிவிடும். அதைவிட முக்கியம், கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. சரிசெய்யும்வரை இரவில் யாரையும் உள்ளே படுக்க விடாதீர்கள்.