“உரல் சத்தம் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது”

வணக்கம் மேடம்,

காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். எனக்கு 47 வயது. என் வீட்டுக்காரருக்கு 54. விசேஷ வீடுகளுக்குச் சமைக்கிறவர். கானாடுகாத்தான், கோட்டையூர், கொத்தமங்கலம் என்று இந்தப் பக்கம் செட்டியார் வீட்டுக் கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால் அவர் செட்டைத்தான் கூப்பிடுவார்கள். குழம்பு கொதிக்கிற வாசனையை வைத்தே “உப்புக் கம்மி, ஒரு கை போடு” என்பார். வாயில் விட்டுப் பார்க்க மாட்டார். பார்க்கவும் முடியாது, வாயில்தான் எந்நேரமும் புகையிலை இருக்குமே.

பதினாறு வயதில் தொடங்கிய பழக்கம். ராத்திரி முழுக்கக் கோட்டை அடுப்புப் பக்கத்தில் நிற்க வேண்டும். தூக்கம் வராமல் இருக்க என் அயித்தை, அவருடைய அம்மாதான், தன் உரலில் இடித்த வெற்றிலையில் புகையிலை வைத்து ஒரு உருண்டை கொடுத்து அனுப்பினாராம். பிறகு அது தனிப் புகையிலை ஆகி, கடைசிப் பத்து வருஷமாகப் பாக்கெட். இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேதான் தூங்குவார்.

போன வருஷம் ஆடியில், காரம் பட்டால் எரிகிறது என்றார். கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு இருந்தது. வாயும் முன்னைப் போலத் திறக்கவில்லை. மெடிக்கலில் களிம்பு வாங்கித் தடவினார். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் முடியட்டும் என்றார். அட்வான்ஸ் வாங்கியிருந்ததால் நானும் சரி என்றேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. தையில் மதுரைக்குப் போனபோது புண் ஆழமாகிவிட்டது, வாய்ப் புற்றுநோய் என்றார்கள். கன்னத்துச் சதை, கீழ்த்தாடையில் ஒரு பகுதி, கழுத்து நெறிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, காலில் இருந்து எலும்பும் தோலும் எடுத்து வைத்துத் தைத்தார்கள். அப்புறம் 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு). இரண்டு மாசம் மூக்குக் குழாயில்தான் கஞ்சி.

எல்லாம் முடிந்து ஐந்து மாசம் ஆகிறது. பேச்சு குழறுகிறது. எதைச் சாப்பிட்டாலும் மண் மாதிரி இருக்கிறதாம். சாப்பாடு வாயோரம் வழிகிறது என்று பின்கட்டில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறார். வாய் திறக்கிற பயிற்சியை வலிக்கிறது என்று விட்டுவிட்டார். தையில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டில் “தாடையில் கட்டி, ஆபரேஷன் ஆயிடுச்சு” என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.

போன வாரம் ஆயுத பூஜைக்காக அவருடைய கரண்டிப் பெட்டியைத் திறந்தேன். அடியில் மூன்று புகையிலைப் பாக்கெட். ஒன்று பிரித்திருந்தது. எனக்கு என்ன வந்தது என்றே தெரியவில்லை, அவரை அடித்துவிட்டேன். “நீ செத்தாத்தான் எனக்கு நிம்மதி” என்றேன். 26 வருஷத்தில் அவரை ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. “எல்லாரும் நிம்மதியா இருங்க, என்னைய விட்ருங்க” என்றார். அதற்குப் பிறகு பேசவே இல்லை. நான் தினமும் அவர் சட்டைப் பையைத் துழாவுகிறேன், பக்கத்தில் போய் வாயை மோந்து பார்க்கிறேன்.

இதற்கு நடுவில் மூன்று மணி ஆனால் அயித்தை உரலை எடுத்து டொக் டொக் என்று இடிக்க ஆரம்பித்துவிடுவார். 78 வயது. “எனக்கு ஒண்ணும் வரலையே” என்கிறார். அந்த உரலை ஊருணியில் வீசிவிடலாமா என்றிருக்கிறது. நான் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையும் சீவலும் மட்டும்தான் போடுவேன், புகையிலை தொட்டதில்லை.

இத்தனைக்குப் பிறகும் அதைத் தொடுகிறார் என்றால் எங்கள் மேல் பாசமே இல்லையா? நான் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பேன்?

— பள்ளத்தூர் வாசகி

*

அன்புள்ள சகோதரி,

வேறெதையும் படிக்கும் முன் இதைச் செய்யுங்கள். “என்னைய விட்ருங்க” என்ற சொல்லைக் கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். முகமும் பேச்சும் சாப்பாடும் ஒரே நேரத்தில் மாறிப்போகிற இந்த நோயில் மனச்சோர்வு ஆழமாக விழும், உயிரை விடும் எண்ணமும் சிலருக்கு வரும். இன்றைக்கே, தனியாக இருக்கும்போது நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பலருக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். ஆமாம் என்றாலோ, பதிலே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சிகிச்சை பார்த்த மருத்துவரிடமும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி அந்தக் கரண்டிப் பெட்டி. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அங்கேதான் நின்றேன். ஒளித்து வைக்க ஒரு வீட்டில் எத்தனையோ இடம் உண்டு. அவர் தொழில் சாமானுக்குள் வைத்திருக்கிறார். பதினாறு வயதில் இருந்து அவர் உடம்புக்குப் புகையிலை என்றால் அடுப்புச் சூடு, ராத்திரி முழிப்பு, “மாஸ்டர், உப்புப் பாருங்க” என்று ஓடி வருகிற பையன். தாடையோடு அது அத்தனையும் போய்விட்டது. பூட்டிக் கிடக்கிற அந்தப் பெட்டியை அவர் எத்தனை முறை போய்த் திறந்து பார்த்திருப்பார் என்று யோசித்தேன்.

இதைச் சொல்வது அவர் செய்ததைச் சரி என்பதற்காக இல்லை. சிகிச்சைக்குப் பிறகும் புகையிலை தொடர்ந்தால் நோய் திரும்பவும், வாயில் வேறொரு இடத்தில் புதிதாக வரவும் வாய்ப்பு கூடுகிறது. கரண்ட் வைத்த இடமும் சரியாக ஆறாது. திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் வரும் என்பதால்தான் அடிக்கடி வரச் சொல்கிறார்கள். அடுத்த முறை போகும்போது பாக்கெட் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது புதிதில்லை. உங்களுக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர், 1954-இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையிலேயே புகையிலையை விடுவதற்கென்று 2002 முதல் தனிச் சிகிச்சை நடக்கிறது. வைராக்கியம் மட்டும் போதுமென்றால் புற்றுநோய் மருத்துவர்கள் எதற்காக அப்படி ஒன்றை நடத்த வேண்டும்?

பாசம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். புகையிலையில் இருக்கிற, ஆளை அடிமையாக்குகிற நிகோடின் பாசத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மருத்துவமனையில் இருந்தவரை விட்டிருப்பார், வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே அடுப்பு இல்லை, கரண்டி இல்லை, மூன்று மணிக்கு உரல் சத்தம் இல்லை. மறுபடி நிறுத்தும்போது முதல் மூன்று நாள்தான் கொடுமை. எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை வருகிற ஏக்கமும் சில நிமிஷம்தான். அந்த நேரத்தில் அவர் கைக்கு வேலை வேண்டும், வாய்க்குத் தண்ணீர் போதும். கிராம்பு மெல்லு, ஏலக்காய் போடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கரண்ட் வைத்த வாய்க்கு அது நெருப்பு, கேட்காதீர்கள். தோலில் ஒட்டுகிற நிகோடின் பட்டையோ மாத்திரையோ அவருக்கு ஏற்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெல்லுகிற நிகோடின் கம் இந்தத் தாடைக்கு ஒத்துவருவது கஷ்டம். புகையிலையை விட உதவுகிற 1800-11-2356 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. 2018-இல் இருந்து புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சிடச் சொன்ன எண் அது. பேச்சுக் குழறுகிறவர் என்பதால் முதல் அழைப்பை நீங்கள் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, அவரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

சட்டைப் பையைத் துழாவுவதையும் வாயை மோந்து பார்ப்பதையும் இன்றோடு விடுங்கள். கண்டுபிடிக்கிற ஆளாக நீங்கள் இருக்கிறவரைக்கும் ஒளிக்கிற ஆளாகவே அவர் இருப்பார். அந்த அக்கறையை வாய்ப் பயிற்சியில் காட்டுங்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் வைத்து, நாள்பட ஒவ்வொன்றாகக் கூட்டுகிற பயிற்சியைச் சொல்லிக்கொடுத்திருப்பார்களே. அதை விட்டால் தாடை இறுகிப் போகும், நாளைக்கு ஒரு பல் எடுக்கக்கூட வாய் திறக்காது. கரண்ட் வைத்த தாடையில் பல் எடுப்பதே ஆபத்து, அந்த மருத்துவமனையைக் கேட்காமல் எந்தப் பல் டாக்டரும் பிடுங்க விடக்கூடாது. பயிற்சிக்குக் கால் மணி முன்னால் வலி மாத்திரை போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குச்சியை எண்ணுகிற வேலையை மகளிடம் கொடுங்கள்.

ருசி பற்றி அவரிடம் இதுவரை யாராவது சொன்னார்களா? கரண்ட் வைத்ததில் போன ருசி பலருக்கும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஒரு வருஷம் ஆகலாம், முழுசாக வராமலும் போகலாம். எச்சில் வறட்சி அதைவிட நாள் எடுக்கும். ஒரு சமையல்காரருக்கு இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. ஆனால் அவர் உப்புப் பார்த்ததே மூக்கால்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மூக்கு இருக்கிறதே. மகள் கல்யாணத்துக்கு வேறு செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்காவிட்டால் அவருடைய செட்டுப் பையன்களையே கூப்பிடுங்கள். அவர் நாற்காலி போட்டு உட்காரட்டும். வேலை இருக்கிற இடத்தில் ஏக்கமும் வரும் என்பதால், அடுப்படியில் யாரும் புகையிலையோடு நிற்கக்கூடாது என்று பையன்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பின்கட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு யோசனை. ஒருநாள் கும்மாயமோ, நன்றாக ஊறிய பால் பணியாரமோ செய்து, எல்லோரும் பின்கட்டுக்குப் போய் அவரோடு உட்காருங்கள். கூடத்துக்கு வாங்க என்று இழுக்காதீர்கள். துண்டு ஒன்று அவர் பக்கத்தில் இருக்கட்டும், துடைக்கச் சொல்லி ஜாடை காட்டாதீர்கள்.

சம்பந்தி வீட்டு விஷயத்தில் உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று கடிதத்தில் இல்லை. முதலில் அவளிடம் கேளுங்கள். என் எண்ணத்தில், இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கல்யாணப் பந்தலில் அவர் முகத்தைப் பார்த்து நாலு பேர் கேட்கத்தான் போகிறார்கள். இது தொற்று நோய் இல்லை. சொன்னதும் பின்வாங்குகிற வீடு என்றால் அதை மார்கழிக்குள் தெரிந்துகொள்வது மேல்.

நீங்கள் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. கோபம் உங்களுக்கு நியாயமாக வந்ததுதான். ஒரு வருஷமாக நோயாளியிடம் கோபப்படக் கூடாது என்று அடக்கி வைத்தது, அட்வான்ஸுக்காகக் காத்திருந்த குற்ற உணர்வு, இரண்டும் சேர்ந்து கையில் வந்துவிட்டது. அடித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள், கோபம் வந்ததற்குக் கேட்க வேண்டாம். “அடிச்சது தப்புங்க. நீங்க போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன். கார்த்திகை வரைக்கும் இருப்போம்னு நானும்தானே சொன்னேன், அது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு.” இவ்வளவு போதும். பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். குழறுகிற நாக்கால் சட்டென்று பதில் சொல்வது அவருக்குச் சிரமம்.

உரலை ஊருணியில் போட வேண்டாம். உங்கள் அயித்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். அந்த உருண்டையைக் கொடுத்த நாளை அவர் மறந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? “எனக்கு ஒண்ணும் வரலையே” என்பது எனக்குப் பயத்தில் வருகிற பேச்சாகத்தான் கேட்கிறது. மகன் காதில் விழாமல் முன்வாசலிலோ பக்கத்து வீட்டிலோ இடித்துக்கொள்ளச் சொல்லி, மகனுக்காக என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. சீவல் மட்டும்தான், புகையிலை தொட்டதில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. வாய் திறக்க முடியாமல் சுருங்கிப்போகிற நோய்க்கு முக்கியக் காரணமும் பாக்குதான். கண்ணாடி முன்னால் நின்று உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைகிறதா பாருங்கள். கன்னத்துக்குள் வெள்ளையோ சிவப்போ திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண் எதுவும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இல்லாவிட்டாலும் அவரைக் காட்டப் போகும் நாளில் நீங்களும் அயித்தையும் வாயைக் காட்டிவிட்டு வாருங்கள். காரைக்குடியிலேயே அரசு மருத்துவமனையில் பல் டாக்டர் பார்ப்பார். முகூர்த்தம் முடியட்டும் என்று வைத்துவிடாதீர்கள்.