அடக்குமுறை ஆட்சியை எதிர்த்து நின்ற பெண்களின் வாழ்க்கை எப்படி இருந்தது?

நான் பிறந்து வளர்ந்தது வேலூர் தொரப்பாடி. மத்திய சிறை இருக்கும் ஊர். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வேறு எந்த நாடும் நினைவுக்கு வரவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் வேலூர் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட பெண்கள்தான் வந்தார்கள். முக்கியமாக, கடலூர் அஞ்சலையம்மாள்.

1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த நீல் சிலையை எடுக்கச் சொல்லிப் போராட்டம் நடந்தது. 1857 கிளர்ச்சியின்போது ஊர் ஊராக ஆட்களைத் தூக்கில் போட்ட ராணுவ அதிகாரி அந்த நீல். போராட்டத்துக்கு அஞ்சலையம்மாள் தன் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனார். தாய், மகள் இருவருக்குமே தண்டனை. முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, பிள்ளையை எதற்கு இழுத்துக்கொண்டு போனார் என்று. கணவர் முருகப்பாவும் காங்கிரஸ்காரர்தான் என்று அப்புறம் தெரிந்தது. வீடு மொத்தமும் போராட்டத்தில் இருக்கும்போது பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டிய வருஷங்களில் அவர் வேலூர் சிறையில் இருந்தபோது நிறைமாதம். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே கைக்குழந்தையோடு திரும்பி வந்து மீதித் தண்டனையை அனுபவித்தார். அந்தப் பையனை 'ஜெயில் வீரன்' என்றே கூப்பிட்டார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். சிறை வாசலுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவர். "பச்ச ஒடம்புக்காரிடி... அந்தத் தரையில எப்படிப் படுத்தாளோ" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தானாகவே கடைக் கதைக்கு வந்தார். ஆண் கைதியை மனு பார்க்க, அதாவது சிறையில் நேரில் சந்திக்க, மனைவி, அக்கா, மாமியார் என்று கூட்டமாக வருவார்களாம். பெண்கள் சிறைக்கு வருகிறவர்கள் குறைவு, வந்தாலும் வயதான தாய்தான். புருஷன் உள்ளே போனால் வீட்டை மனைவி தாங்குவாள். அவளே உள்ளே போனால்? அஞ்சலையம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே உள்ளே போனார்.

எல்லோருக்கும் ஒரே சிறை என்றும் நினைக்க வேண்டாம். காங்கிரஸ் தலைவராக இருந்த சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாளும் அந்நியத் துணி மறியலுக்காக இதே வேலூரில் இருந்தவர்தான். அப்போது கைதிகளை ஏ, பி, சி என்று பிரித்தார்கள். என்ன செய்தார் என்பதோடு, படிப்பு, அந்தஸ்து, வெளியே எப்படி வாழ்ந்தார் என்பதையும் பார்த்தார்கள். ஒரே கோஷம் போட்ட இரண்டு பெண்களுக்குச் சாப்பாடும் துணியும் வேறு வேறாக இருக்க முடிந்தது. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது இதுதான். கூட நிற்கிறவளைப் பார்த்து மனசு கசக்க இதைவிட வேறு வழி வேண்டுமா?

1937 தேர்தலில் அஞ்சலையம்மாள் ஜெயித்து சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். அதே வருஷம் ராஜாஜி ஆட்சியில் நீல் சிலை எடுக்கப்பட்டது; பிறகு அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. சிலையை எடுத்தபோது அம்மாக்கண்ணுவுக்குப் பத்தொன்பது வயது இருந்திருக்கும்.