கடல் விட்டுப்போன கல், கரை தேடும் மணல்: வாசகர் கேள்விகள்

எங்கள் கொல்லையில் கிடைத்த கல்லில் நத்தை மாதிரி சுருள் இருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் சாளக்கிராமம் என்கிறார். உண்மையா? (அரியலூர்)

படத்தைப் பார்த்தேன், அது அம்மோனைட். கணவாய்க்கு உறவான கடல் உயிரி. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த சமயத்தில் இதுவும் பூண்டோடு அழிந்தது. அந்தக் காலத்தில் உங்கள் கொல்லை இருக்கும் இடம் கடல். உங்கள் ஊர் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான்.

பெரியவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான். ஆனால் அரியலூரில் கடல் பின்வாங்கிப் போனது, அங்கேயோ இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியதில் கடலடித் தரையே மடிந்து மலையாக ஏறிவிட்டது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பதும் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். இத்தனை வருடம் படித்தும் எனக்கு இது சிலிர்ப்பாகவே இருக்கிறது. தயவுசெய்து கல்லை உடைக்காதீர்கள், எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வையுங்கள்.

மெரினாவில் நடந்து நடந்து கால் வலிக்கும் அளவுக்கு மணல். எங்கள் பக்கம் கடல் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஒரே ஊரில் ஏன் இப்படி? (காசிமேடு)

இரண்டுக்கும் நடுவில் துறைமுகம் இருப்பதால்தான். கரையோர மணல் ஓரிடத்தில் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே நகர்த்தும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே நகர்த்தும், கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் மிக அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள், வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதில் தடுக்கித் தெற்குப் பக்கம் தேங்கியது. இன்றைய மெரினாவின் அகலம் அப்படி வந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கமோ புது மணல் வரவில்லை, இருந்ததை மட்டும் அலை அள்ளிக்கொண்டே போனது. புதுச்சேரியிலும் துறைமுகச் சுவர் வந்த பிறகு நடந்தது இதேதான்.

தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் சுவர், போட்டால் தீராதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போட்ட இடத்தில் மணல் சேரும், சரி. ஆனால் அதற்கு வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்தில் அரிக்கத் தொடங்கும், அப்புறம் அவர்களும் ஒன்று கேட்பார்கள். தெற்கே தேங்கும் மணலைக் குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் சரியான வழி என்பது என் கருத்து. வருடா வருடம் செலவாகும்தான், ஆனால் வீட்டை இழப்பவர்களுக்கு ஆகும் இழப்போடு ஒப்பிட்டால் அதைச் செய்யத்தான் வேண்டும்.

மேட்டூரில் வண்டல் படிந்தால் அணைக்குத்தானே நஷ்டம், எங்களுக்கு என்ன? (மயிலாடுதுறை)

உங்கள் வயலே காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல்தான். 1934இல் மேட்டூர் அணை வரும்வரை வெள்ளத்தோடு வந்த மண் வயலிலும் கடலோரத்திலும் படிந்தது, இப்போது பெரும்பகுதி அணைகளுக்குள் நின்றுவிடுகிறது. டெல்டா மண் தன் எடையிலேயே மெல்ல மெல்ல அமுங்கும் தன்மை உடையது, மேலே புது வண்டல் சேர்ந்தால்தான் மட்டம் நிற்கும். வண்டலும் வராமல், ஆற்று மணலையும் அள்ளிவிட்டால், கடலோர நிலத்தில் உப்புநீர் ஏறுவது எளிதாகிவிடும். மணல் அள்ளுவதையாவது நாம் நிறுத்த முடியும், அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

நிலம் உயர்வது, தாழ்வது எல்லாம் கோடி ஆண்டுக் கணக்குதானா? நம் ஆயுளில் பார்க்க முடியாதா?

பார்த்துவிட்டோமே. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது, அங்கே கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போய்விட்டது. அதே நாளில் வடக்கு அந்தமானில் தரை மேலே எழும்பியது, கடலுக்கடியில் இருந்த பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன.