முகநூல் காலத்துத் தமிழ் எழுத்து: கேள்வி பதில்

பதிப்பகங்களுக்குப் பிரதி திருத்திக் கொடுப்பது என் வேலை. புத்தகமாகப் போகிற எழுத்தையும் முகநூலில் ஓடுகிற எழுத்தையும் தினமும் அடுத்தடுத்துப் படிக்கிறேன். சமூக ஊடகம் நம் எழுத்தை என்ன செய்திருக்கிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (தமிழாசிரியை, திருச்சி): மேடம், பத்தாம் வகுப்புக் கட்டுரைகளில் ல, ள, ழ எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. போன்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. இந்தக் குழப்பம் போனுக்கு முன்பும் இருந்தது, பழைய கடிதக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும். பேச்சில் மூன்றையும் ஒரே மாதிரி ஒலிக்கிற ஊர்களில் எழுத்திலும் அது வரத்தான் செய்யும். ஆனால் அப்போது அச்சில் வந்ததை மட்டும்தான் பலரும் படித்தோம். அச்சுக்குப் போகுமுன் யாராவது ஒருவர் பிழை திருத்தியிருப்பார். இன்று திருத்தாத எழுத்து நேராகக் கண் முன்னால் வந்து நிற்கிறது, பிள்ளைகள் அதைத்தான் அதிகம் படிக்கிறார்கள். திரும்பத் திரும்பப் பார்த்த வடிவம் கையில் ஏறிவிடும்.

போனுக்கும் இதில் பங்கு உண்டு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையில் மூன்று லகரங்களுக்கும் பெரும்பாலும் ஒரே விசையைத்தான் தட்டுகிறோம், எந்த எழுத்து என்பதைப் பரிந்துரைப் பட்டைதான் முடிவு செய்கிறது. எழுதுகிற பிள்ளை 'இது எந்த ள' என்று ஒரு தடவைகூட யோசிக்க வேண்டியதில்லை. பரீட்சைத் தாளில் அந்தப் பட்டை இல்லையே.

கேள்வி (ஐடி ஊழியர், சென்னை): தங்கிலீஷ் எப்படி இவ்வளவு வேரூன்றியது? தமிழில் அடிக்கச் சோம்பேறித்தனமா?

பதில்: சோம்பல் என்று சொல்ல மாட்டேன், தொடக்கத்தில் அது கணக்கு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் 160 இடம், தமிழென்றால் 70 இடம். அந்த 70-லும் மெய்க்குப் புள்ளி தனி இடம், உயிர்மெய்க்குக் கொம்பும் காலும் தனி இடம். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று அடித்துப் பாருங்கள். நமக்கு அது 11 எழுத்து, கருவிக்கு 21 இடம். ஒரே சொல்லில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். செய்திக்கு இவ்வளவு என்று காசு கொடுத்த காலத்தில், அதுவும் பாதி போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தபோது, மக்கள் வேறு என்ன செய்வார்கள்?

ட்விட்டரும் அந்த 160-ஐப் பார்த்துத்தான் 140 வைத்தது, மீதி 20 பெயருக்கு. 2017 நவம்பரில் 280 ஆக்கினார்கள். ட்விட்டரில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது அப்போதுதான். இன்று இடத்துக்கும் காசுக்கும் தட்டுப்பாடு இல்லை, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது நல்லதில்லை என்பது என் கருத்து. ஆங்கில எழுத்தில் 'கே, ஏ, எல்' என்று அடித்தால் அது கல்லா, காலா, கள்ளா என்று படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (வாசகர், மதுரை): முகநூலில் எல்லாரும் ஏன் கவிதை மாதிரி வரி உடைத்து எழுதுகிறார்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எனக்கு உண்மையாகவே கவலை தருவது எழுத்துப் பிழை இல்லை, இதுதான்.

தமிழ் வாக்கியம் வினையில் முடிவது. அதற்கு முன்னால் வந்து, பார்த்து, கேட்டு என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். எது முதலில் நடந்தது, எது எதனால் நடந்தது என்பதெல்லாம் அந்தக் கோப்பிலேயே தெரிந்துவிடும். இப்படி ஒரு வாக்கியம்:

'நேற்று மழையில் நனைந்துகொண்டே பேருந்து நிலையத்துக்குப் போய், மூன்று மணி நேரம் காத்திருந்து, இனிமேல் வண்டி இல்லை என்று தெரிந்ததும் நடந்தே வீடு வந்து சேர்ந்தேன்.'

இதையே முகநூலுக்கு எழுதினால்:

'நேற்று மழை.
பேருந்து நிலையம்.
மூன்று மணி நேரம்.
வரவில்லை வண்டி.
நடந்தேன் நான்.'

நனைந்துகொண்டே போனதும் காத்திருந்ததும் இதில் இல்லை. வண்டி இல்லை என்று தெரிந்ததால்தான் நடந்தார் என்பதை வாசகர் ஊகிக்க வேண்டும். வினையைத் தூக்கி முன்னால் போட்டதால் ஒரு வேகமும் கனமும் வந்த மாதிரி இருக்கிறது. ஒரு இடத்தில் அப்படி வந்தால் அழகுதான், நானும் ரசிப்பேன். பத்தி முழுக்க அப்படியே வந்தால் எதற்கும் கனம் இருக்காது.

இப்படி எழுத வைப்பது திரையின் அமைப்பு. மூன்று நான்கு வரிக்கு மேல் போனால் மீதியை 'மேலும் காண்க' என்று மடித்துவிடுகிறார்கள். முக்கியமானது கடைசியில் வரும் மொழிக்கு அந்த மடிப்பு பெரிய தொந்தரவு. அதனால் முடிவை முன்னால் போடுகிறோம், வாக்கியத்தை நறுக்குகிறோம். ஒரு காரணத்தை விளக்க வேண்டிய இடத்தில்கூட 'அதனால்', 'இருந்தாலும்', 'என்றபோதிலும்' போன்றவை வராமல் போய்விடுகின்றன. விவாதங்களில் ஆளுக்கொரு தீர்ப்பு மட்டும் கிடைக்கிறது, அந்தத் தீர்ப்புக்கு எப்படி வந்தார் என்பது கிடைப்பதில்லை.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): அக்கா, வாட்ஸாப்பில் 'சரி.' என்று புள்ளி வைத்து அனுப்பினால் கோபமா இருக்கீங்களா என்று கேட்கிறார்கள். புள்ளி வைக்கலாமா கூடாதா?

பதில்: நண்பர்களுக்கு வேண்டாம், அலுவலகத்துக்கு வையுங்கள். 2015-இல் அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். ஒற்றைச் சொல் பதிலில் முற்றுப்புள்ளி இருந்தால் அதில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் கருதினார்கள். கையால் எழுதிய குறிப்பில் அந்த வேறுபாடு தெரியவில்லை. அனுப்பும் பொத்தானே வாக்கியத்தை முடித்துவிடுகிறது, அதற்கு மேல் ஒரு புள்ளி வைத்தால் அது வேறு எதையோ சொல்வதாகப் படுகிறது. நம் ஓலைச்சுவடிகளிலும் முற்றுப்புள்ளி, காற்புள்ளி எல்லாம் கிடையாது, அவை அச்சோடு வந்து நிலைத்தவை. ஆகவே இதைப் பெரிய சீரழிவாக நினைக்க வேண்டாம். இரண்டு புள்ளி வைத்து இழுப்பதை மட்டும் கட்டுரையில் கொண்டுவராதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): அக்கா, நாங்கள் கதைக்கிற மாதிரியே முகநூலில எழுதினால் 'இது என்ன தமிழ்' எண்டு கேக்கினம். எழுதலாமோ, விடலாமோ?

பதில்: கட்டாயம் எழுதுங்கள். சமூக ஊடகம் செய்த பெரிய நன்மை இது. முன்பெல்லாம் ஊர்ப் பேச்சு கதைகளில் பெரும்பாலும் பாத்திரத்தின் உரையாடலாக, மேற்கோள் குறிக்குள் மட்டும்தான் வரும். கதை சொல்பவர் பொதுத் தமிழில் பேசுவார். இன்று யாழ்ப்பாணத்துக்காரரும் நாகர்கோவில்காரரும் மட்டக்களப்புக்காரரும் தங்கள் பேச்சிலேயே அரசியலும் எழுதுகிறார்கள், அஞ்சலியும் எழுதுகிறார்கள். என் கவலை வேறு: 'செம', 'வேற லெவல்' என்று எல்லா ஊரும் சென்னைப் பேச்சுக்கே போய்க்கொண்டிருப்பது. உங்கள் பேச்சை விடாதீர்கள். ஒரே பதிவில் 'எண்டு', 'என்டு' என்று மாறி மாறி வராமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): அப்பா அனுப்பும் ஃபார்வேர்டுகள் எல்லாம் ஒரே தோரணையில் இருக்கின்றன. ஏன்?

பதில்: கைமாறக் கைமாற 'ஆம்' உதிர்ந்துபோவதைக் கவனித்திருக்கிறீர்களா? நேரில் பார்க்காததை 'வந்தாராம்', 'சொன்னாராம்' என்று சொல்வது நம் வழக்கம், கேள்விப்பட்டது என்பதை அந்த ஒட்டே சொல்லிவிடும். ஃபார்வேர்டு எழுதுபவர் அதை எடுத்துவிட்டு 'வந்தார்', 'சொன்னார்' என்று உறுதியாக எழுதுகிறார், இல்லாவிட்டால் யாரும் பகிர மாட்டார்கள். குழந்தை கடத்தல் வதந்திகளால் இந்தியாவில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட 2018-இல்தான், பகிரப்பட்ட செய்தி என்ற அடையாளத்தை வாட்ஸாப் ஒட்டத் தொடங்கியது, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாதபடியும் செய்தது. அப்பாவுக்கு அனுப்பும்போது 'ஆம்' சேர்த்துத் திருத்தி அனுப்புங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி (செய்தி எழுதுபவர்): 'கொ*லை' என்று குறி போட்டு எழுதச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: பதிவு முடக்கப்படும் என்ற பயத்தில் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் அப்படி எழுதியதை நாளைக்குத் தேடினால் கிடைக்காது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலி அதை உடைத்து உடைத்து வாசிக்கும். செய்தியில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (இல்லத்தரசி, சேலம்): என் முகநூல் பதிவுகளைப் புத்தகமாக்க ஆசை மேடம். என்ன செய்ய வேண்டும்?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். முதலில் உடைத்த வரிகளை எல்லாம் சேர்த்துப் பத்தியாக்குங்கள், சேரும்போது எங்கே இடிக்கிறதோ அங்கே ஒரு காரணம் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம், அதை எழுதிச் சேருங்கள். அந்த வாரத்துச் சண்டையை வைத்து எழுதிய பதிவில் என்ன சண்டை என்று இரண்டு வரி வேண்டும். 'நட்பூக்களே' எல்லாம் போகட்டும். அப்புறம் விருப்பக்குறி எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டில் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து): பிள்ளைக்குத் தட்டச்சு சொல்லித்தர வேண்டும். எந்த விசைப்பலகை?

பதில்: தமிழ்99. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவானது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை, ஆகவே மேலே திருச்சி ஆசிரியை சொன்ன சிக்கல் இதில் குறையும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, புள்ளி தானாக விழும். ஐபோனில் கூடவே வருகிறது, அமைப்புகளில் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் விரல் தடுமாறும், அதுவரை பரிந்துரைப் பட்டையை அணைத்து வையுங்கள்.