ஆறு மாதத்தில் ஒரு டிகிரி

கேள்வி: எனக்கு வயது 38. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) வரைதான் படித்தேன். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சீனியர் டெக்னீஷியனாக இருக்கிறேன். டிகிரி இல்லாமல் என்ஜினியர் பதவிக்கு என் பெயரை அனுப்ப முடியாது என்கிறார் மேனேஜர். போன மாதம் ஜார்ஜ்டவுன் ஹோட்டல் ஒன்றில் நடந்த விளக்கக் கூட்டத்துக்கு நண்பன் கூட்டிப் போனான். வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஆறு மாதத்தில் டிகிரி கொடுக்குமாம். 9,500 மலேசிய வெள்ளி, தவணையிலும் கட்டலாம். அமெரிக்காவில் பதிவு பெற்றது, சட்டபூர்வமானது என்று சான்றிதழும் காட்டினார்கள். சேரலாமா அம்மா?
- பெயர் வேண்டாம், பிறை

பதில்: தம்பி, இன்னும் பணம் கட்டவில்லைதானே? கட்டாதீர்கள்.

அவர்கள் காட்டிய சான்றிதழ் பொய்யாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அமெரிக்காவில் கம்பெனியாகப் பதிவு பெறுவது வேறு, கல்வித் தரத்துக்கு அங்கீகாரம் பெறுவது வேறு. அங்கே அரசாங்கத்தின் கல்வித் துறை நேரடியாக எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கீகாரம் தருவதில்லை. அதற்கென்று தனி அமைப்புகள் இருக்கின்றன. அந்த அமைப்புகள் சரியானவையா என்று பார்ப்பதுதான் கல்வித் துறையும் சிஎச்இஏ என்ற உயர்கல்வி மன்றமும் செய்கிற வேலை. பட்டம் விற்பவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆகவே பல்கலைக்கழகத்தோடு சேர்த்து அங்கீகார அமைப்பு ஒன்றையும் தாங்களே இணையத்தில் தொடங்கிவிடுவார்கள். கராச்சியில் இயங்கிய ஆக்ஸாக்ட் என்ற கம்பெனி இப்படித்தான் நூற்றுக்கணக்கான இணையதளங்களை நடத்தியது என்று 2015-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பேராசிரியர்களாகப் படங்களில் சிரித்தவர்கள் காசுக்கு நடித்தவர்கள்.

பெயரைப் பார்த்தும் மயங்காதீர்கள். 2019-ல் நம் மலேசியத் துணை வெளியுறவு அமைச்சர் ஒருவர், தன் பட்டம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வாங்கியதல்ல, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டியில் வாங்கியது என்று ஊருக்கே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

நம் நாட்டில் இதைப் பார்க்கிற இடம் எம்கியூஏ என்ற மலேசியத் தகுதி அங்கீகார அமைப்பு. 2007-ல் வந்தது. அதற்கு முன் லான் என்ற தேசிய அங்கீகார வாரியம் இருந்தது. என் வாயில் இன்னும் லான் என்றுதான் வருகிறது. எம்கியூஏ அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேடு, எம்கியூஆர், இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. அதில் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டதும் நிறுத்திவிடாமல், படிப்பின் பெயரையும் தேடுங்கள். ஒரே கல்லூரியில் ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்து அறையில் நடக்கும் படிப்புக்கு இருக்காது.

அங்கீகாரம் இல்லாத இடமெல்லாம் போலி என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் சில சமயக் கல்லூரிகள் வேண்டுமென்றே அங்கீகாரம் கேட்காமல் நடக்கின்றன, அங்கே பாடமும் ஒழுங்காகவே நடக்கிறது. அறிவு மட்டும் போதும் என்பவர் அங்கே படிக்கலாம். உங்களுக்கு வேண்டியது பதவி உயர்வு. அரசாங்க வேலை, பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன், பொறியாளர் வாரியப் பதிவு என்று எங்கே போனாலும் முதல் கேள்வியே அங்கீகாரம்தான்.

தனியார் கம்பெனி கண்டுகொள்ளாது என்று அந்தக் கூட்டத்தில் சொல்லியிருப்பார்களே? நான் மனிதவளப் பிரிவில் இருந்தவள். தங்க முத்திரையும் பட்டு நாடாவும் எந்த அச்சகத்திலும் கிடைக்கும் என்பதால் முதலில் பாடவாரி மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டைத்தான் கேட்பேன். ஒருவர் பி.ஏ.வும் மாஸ்டர்ஸும் ஒரே ஆண்டில் முடித்ததாகக் கொண்டு வந்தார். அந்த ஆண்டு முழுக்க அவர் எங்களிடம் நைட் ஷிஃப்ட், ஓவர்டைம் வேறு. பஞ்ச் கார்டு எங்கள் கையில்தானே இருக்கிறது! யாரும் அவரைப் போலீசில் பிடித்துக் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் இரண்டு பேர் சரிபார்த்தார்கள்.

உங்கள் அனுபவத்தை முறைப்படி எடைபோடவும் வழி இருக்கிறது. ஏபெல் என்பார்கள், அனுபவத்தில் கற்றதை மதிப்பிடும் முறை. ஏபெல் ஏ என்ற பிரிவில், 21 வயது தாண்டி, துறையில் வேலை அனுபவம் உள்ளவர் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) இல்லாமலே டிகிரிக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு ஒன்று எழுத வேண்டும், செய்த வேலைகளைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். சேர்ந்த பிறகு ஏபெல் சி வழியாக, தெரிந்த பாடங்களுக்குக் கிரெடிட்டும் (முடித்ததாகக் கணக்கு) கேட்கலாம். ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் இருக்கிற வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் போய் விசாரியுங்கள், பிறையிலிருந்து தினமும் பினாங்குப் பாலம் தாண்டுகிறவர்தானே. ஆறு மாதத்தில் முடியாது, வேலை பார்த்துக்கொண்டே படித்தால் சில ஆண்டுகள் பிடிக்கும்.

அதற்கு முன் மேனேஜரிடம் எந்த டிகிரியை ஏற்றுக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொறியாளர் வாரியத்தில் பதிவு செய்கிற எண்ணமும் இருந்தால் எம்கியூஏ மட்டும் போதாது, அந்த என்ஜினியரிங் படிப்புக்கு இஏசி என்ற என்ஜினியரிங் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரமும் வேண்டும். டிகிரியே கட்டாயமில்லை, தகுதிச் சான்று போதும் என்று மேனேஜர் இறங்கி வந்தால், அனுபவத்தை வைத்தே எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழை எடுக்கிற பிபிடி முறையைப் பாருங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே போகிறது.

கேள்வி: மகள் தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் படிப்புக்குத் தற்காலிக அங்கீகாரம்தான் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. ஏமாந்துவிட்டோமா?
- ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: இல்லை அம்மா. புதிய படிப்புகள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். பாடத்திட்டத்தைப் பார்த்துத் தற்காலிக அங்கீகாரம் தருவார்கள். முதல் அணி மாணவர்கள் கடைசி ஆண்டுக்கு வந்ததும் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கும். கல்லூரிப் பிரசுரத்தில் எம்கியூஏ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் பிஏ என்றிருந்தால் தற்காலிகம், எஃப்ஏ என்றால் முழுமை. மகள் முதல் அணியா, முழு அங்கீகாரத்துக்கு எப்போது விண்ணப்பிக்கிறார்கள் என்று கல்லூரிப் பதிவாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள். கவுண்டரில் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

கேள்வி: எங்கள் சங்கத் தலைவருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருக்கிறது. ஆண்டுவிழா அழைப்பிதழில் 'டாக்டர்' போட்டே ஆக வேண்டும் என்கிறார். போடலாமா?
- சங்கச் செயலாளர், ஜெலுத்தோங்

பதில்: மாட்டிக்கொண்டீர்கள்! தெரிந்த பல்கலைக்கழகம் முறையாகக் கொடுத்த கௌரவப் பட்டமாகவே இருந்தாலும் அதைப் பெயருக்கு முன்னால் போடாமல் இருப்பதுதான் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் வழக்கம். அந்தப் பல்கலைக்கழகம் இந்தியாவில் இருப்பதாகச் சொன்னால், அந்நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வெளியிடுகிற போலிப் பல்கலைக்கழகப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள். அங்கே சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம்தான் பட்டம் கொடுக்க முடியும். விழாவுக்குத் துணைவேந்தர் யாராவது வந்தாரா, அல்லது மண்டப வாடகையைப் பட்டம் வாங்கியவர்களே பகிர்ந்து கட்டினார்களா என்றும் நைசாக விசாரியுங்கள். தலைவர் ஒரேயடியாக அடம்பிடித்தால், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'கௌரவ டாக்டர் பட்டம்' என்று போட்டு, கொடுத்த பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரையும் சேர்த்து அச்சுக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் முழுப் பெயரைப் போடுகிறேன் என்றதுமே வேண்டாம் என்றுவிடுவார்கள்.