மழைக்காலத்தில் கார் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் ஒட்டாத கோட்டிங் போட்டால் உண்மையில் பயன் உண்டா?

கார் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. செங்கல்பட்டு தாண்டித் திருச்சி, மதுரை என்று அடிக்கடி போகிறவரா? தாராளமாகப் போடுங்கள். தினமும் வடபழனிக்கும் கிண்டிக்கும் நடுவே ஊர்கிறவரா? அந்தக் காசுக்கு நல்ல வைப்பர் பிளேடு வாங்குங்கள்.

ரெயின்-எக்ஸ் போன்ற கோட்டிங்குகளில் இருப்பது சிலிகோன் வகைப் பொருள். வெறும் கண்ணாடியில் விழும் துளி தட்டையாகப் பரவி எதிரே உள்ளதைக் கலக்கிக் காட்டும். இதைத் தேய்த்துவிட்டால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி திரண்டு நிற்கும். ஆனால் திரண்டதைத் தள்ளிவிட எதிர்க்காற்று வேண்டும். ஏறக்குறைய 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால்தான் துளிகள் மேல்நோக்கி ஓடத் தொடங்கும். 80-ல் வைப்பர் பாதி நேரம் சும்மா கிடக்கும். சிக்னலில் நிற்கும்போதோ துளி நகராது, எதிரே ஒருவர் ஹைபீம் போட்டுக்கொண்டு வந்தால் (போடாமல் யார் வருகிறார்கள்?) ஒவ்வொரு துளியிலும் வெளிச்சம் சிதறும். இரவுத் தூறலில் வெறும் கண்ணாடியே மேல் என்பேன்.

பலர் திட்டுவது வைப்பர் 'டக டக' என்று குதிப்பதைத்தான். கண்ணாடிமேல் ஈரப்படலம் நிற்காததால் ரப்பர் வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடுகிறது. பழைய ரப்பரை மாற்றுங்கள், தூறலில் வைப்பரைத் தொடர்ந்து ஓடவிடாதீர்கள். பெரும்பாலும் குறைந்துவிடும்.

போடுவதைவிடப் போடுமுன் துடைப்பதுதான் வேலை. போர் தண்ணீரில் கார் கழுவுகிற வீடுகளில் கண்ணாடி முழுக்க உப்புக்கறை, மேலே பூச்சி, தார். அதன்மேல் எந்த விலையுள்ள கோட்டிங்கும் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். ஷாம்பு போட்டுக் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) தேய்த்து, கறை போகவில்லையென்றால் கிளாஸ் பாலிஷும் போட்டு, நிழலில் நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். வெளிப்பக்கம் மட்டும்தான். ஸ்பிரிட் கலந்த சரக்கு என்பதால் பக்கத்தில் நெருப்பு கூடாது. காய்ந்தபின் இரண்டாம் முறையும் பூசினால் கூடுதல் நாள் நிற்கும். வைப்பர் ஓடும் வளைவில் துளி திரளவில்லை என்றால் மறுபடி போடும் நேரம் வந்துவிட்டது.

புகையிலை, உருளைக்கிழங்கு தேய்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். லாரிக்காரர்களின் பழைய வித்தைதான், தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அது செய்வது நேர் எதிர்வேலை: தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது. அந்தப் படலம் வழியே ஓரளவு தெளிவாகத் தெரியும். நல்ல மழையில் கொஞ்ச நேரத்தில் கழுவிப் போய்விடும், அவ்வளவுதான். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிவதற்கும் இதே பரப்பும் வழிதான் சரி. ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் அதுவும் தேவைப்படாது.

சைடு மிரருக்கு முன்கண்ணாடியில் போட்டதையே போடாதீர்கள். மிரர் பின்பக்கம் பார்த்து இருப்பதால் காற்று நேராக அடிக்காது, துளி அப்படியே நிற்கும். அதற்கென்றே தண்ணீரைப் பரப்பும் ஃபிலிம் கிடைக்கிறது, அதை ஒட்டுங்கள்.